நாய்களோடு வருஷம் முழுக்கப் பயணம்: டிராவலரா, விங்கரா, பொலேரோவா, டிரெய்லரா?

பென்ஷன் வாங்கும் இரண்டு பேர், துடியான ஒரு சிப்பிப்பாறை நாய், வயதான ஒரு நாட்டு நாய். கிருஷ்ணகிரி வீட்டைப் பூட்டிவிட்டு வண்டியையே வீடாக்கிக் கொள்ள வேண்டும். எங்கள் குடும்பத்துக்கு எந்த வண்டி பொருந்தும்?

கேரவன் வாங்கும் பேச்சு பெரும்பாலும் கட்டில் எத்தனை, டிவி எவ்வளவு பெரியது என்றுதான் தொடங்கும். நாய் வளர்ப்பவர்கள் அதற்கு முன்னால் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். வயதான நாய் தானாக ஏறி இறங்க முடியுமா? நிறுத்திய வண்டி எவ்வளவு சூடாகும்? ஓட்டுநர் இருக்கையிலிருந்து கீழே இறங்காமல் பின்னால் போக வழி இருக்கிறதா? நான்கு வண்டிகளையும் இந்த மூன்றை வைத்துத்தான் எடைபோட்டேன்.

டிரெய்லரை முதலிலேயே கழித்துவிட்டேன். காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், போன இடத்தில் கழற்றி வைத்துவிட்டுக் காரில் ஊர் சுற்றலாம் என்பது நல்ல வசதிதான். ஆனால் ஓடும் டிரெய்லருக்குள் ஆளும் இருக்கக் கூடாது, நாயும் இருக்கக் கூடாது. அப்படியானால் நாய்கள் நாள் முழுக்கக் காரின் பின்சீட்டில் நெருக்கியடித்துக் கிடக்க வேண்டும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் முன்னும் பின்னும் லாரிகள் நெருக்க, பின்னாலிருந்து டிரெய்லர் தள்ளும்போது அறுபது வயதுக்கு மேல் ஸ்டியரிங் பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ரிவர்ஸ் எடுப்பதும் தனிக் கலை.

அடுத்து பொலேரோ கேம்பர். இரட்டை கேபின் பிக்கப் வண்டி இது. பின்தட்டில் ஒரு கூண்டு வீடு கட்டிக்கொள்ளலாம். எந்தச் சிற்றூரிலும் இதைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக் கிடைப்பார், உதிரி பாகமும் கிடைக்கும். அஞ்செட்டிப் பக்கம் மண் சாலையிலும் தைரியமாக விடலாம். சுமார் ஒரு டன் சுமக்கும். தனியாளாக, இளவயதில், சின்ன நாய் ஒன்றோடு போகிறவருக்கு இதைத்தான் சொல்வேன். ஆனால் கேபினும் கூண்டும் தனித்தனி. மழையில், இருட்டில், வெளியே ஏதோ சரியில்லை என்று தோன்றும் நேரத்தில், பின்னால் போக வேண்டுமானால் கதவைத் திறந்து இறங்கித்தான் ஆக வேண்டும். பின்தட்டு உயரத்துக்கு வயதான நாயைத் தினமும் பலமுறை தூக்கி ஏற்றினால் நம் முதுகும் போகும், அதன் இடுப்பும் போகும். மேலே விரிக்கும் கூடாரம் வைத்தால் நாய்க்கு ஏணி ஏறத் தெரியாது.

மிஞ்சுவது டாடா விங்கர், ஃபோர்ஸ் டிராவலர் என்ற இரண்டு வேன்கள். உண்மையான போட்டி இங்கேதான்.

விங்கரின் பெரிய பலம் அதன் தாழ்ந்த தரை. முன்சக்கரங்களை இயக்கும் வண்டி என்பதால் எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் நீளமான புரொப்பெல்லர் ஷாஃப்ட் தரைக்கு அடியில் ஓடுவதில்லை. அதனால் படி தாழ்வாக இருக்கிறது. எங்கள் நாட்டு நாய் மாதிரி மூட்டு வலி உள்ள நாய்க்கு இது பெரிய உபகாரம். தள்ளு கதவு என்பதால் நெரிசலான இடத்திலும் திறக்கலாம். ஓட்டும்போது கார் மாதிரி இருக்கிறது. உயரக் கூரை மாடலில் நிமிர்ந்தும் நிற்கலாம்.

குறை எங்கே வருகிறது என்றால், வீட்டை உள்ளே ஏற்றிய பிறகு. நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ. கட்டில், அடுப்பு மேடை, பேட்டரி, ஏசி, பத்து நாளுக்கு நாய்த் தீனி எல்லாம் பெரும்பாலும் பின்பாதியில்தான் உட்காரும். ஏற்றத்தில் எடை பின்னால் சாயும்போது முன்சக்கரத்தின் பிடி குறையும். தளர்ந்த ஜல்லியிலும் ஈர மண்ணிலும் அது தெரியும். விங்கர் எஞ்சின் 100 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர் (என்எம்) முறுக்குவிசை. டிராவலரின் 2.6 லிட்டர் எஞ்சின் 115 குதிரைத்திறன், 350 என்எம். சமவெளியில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் முழுப் பாரத்தோடு ஏறும்போது நிச்சயம் தெரியும்.

தண்ணீரில் சிக்கனம் பிடித்து எடையைக் குறைக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வருவதற்கு முன்னால், ஃபுளோரைடு கலந்த போர் தண்ணீரைக் குடித்துப் பல் கறையேறிய தலைமுறையை தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பார்த்தவன் நான். கண்ட இடத்தில் தண்ணீர் பிடிக்க எனக்கு மனசு வராது. நாய்க்கும் அப்படித்தான். முப்பது கிலோ நாய் ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் குடிக்கும், வெயிலில் இன்னும் கூடும். தொட்டி பெரிதாகவே இருக்கட்டும்.

அதனால் என் தேர்வு டிராவலர், அதிலும் 3350 மில்லிமீட்டர் வீல்பேஸ், அதாவது முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம். 4020 வீல்பேஸ் வண்டியில் இடம் தாராளம், கழிப்பறையைத் தனி அறையாகவே கட்டலாம். ஆனால் மலை வளைவில் ஒரே மூச்சில் திருப்ப முடியாமல் பின்வாங்கித் திருப்ப வேண்டியிருக்கும், ஊர்த் தெருவில் நிறுத்த இடம் தேட வேண்டும். டிராவலரின் குறை உயரமான தரை. ஒட்டுப்பலகையில் ஆறடிச் சாய்வுப் பலகை செய்து, மேலே ரப்பர் ஒட்டி, கட்டிலுக்கு அடியில் செருகி வைத்துக்கொண்டால் அது தீர்ந்தது. படி உயரத்தை ஒரு தச்சர் சரிசெய்துவிடுவார். எஞ்சின் வலுவையும் உள்ளிடத்தையும் பிறகு யாராலும் சேர்க்க முடியாது. இந்த ஒரு காரணம்தான் என்னை விங்கரிலிருந்து திருப்பியது.

அதே நிறுவனத்தின் அர்பேனியா இன்னும் மேலானது. அதிர்வு குறைவு, பிரேக் உறுதி, ஏர்பேக் உண்டு. கட்டுப்படியாகிறவர்கள் அதையே வாங்கலாம். விலை டிராவலரைவிடக் கணிசமாகக் கூடுதல். அந்தப் பணத்தை நான் பேட்டரிக்கும் கூரைக் காப்புக்கும் ஒதுக்குவேன்.

ஏனென்றால் சூடுதான் நாய்க்கு எமன். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. வெயிலில் சாத்தி நிறுத்திய வண்டிக்குள் பத்தே நிமிஷத்தில் பத்து டிகிரி ஏறிவிடும். நம் ஊர் ஏப்ரல், மே வெயிலில் அது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி சுமார் ஒரு கிலோவாட் இழுக்கும். ஐந்து கிலோவாட் மணி, அதாவது ஐந்து யூனிட், லித்தியம் பேட்டரி வைத்தால் நான்கு, ஐந்து மணி நேரம் ஓடும். கூரையில் 500 வாட் சோலார் போட்டாலும் நாளுக்கு இரண்டு யூனிட்தான் எதிர்பார்க்கலாம். எனவே சோலார் மட்டுமே ஏசியை ஓட்டும் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். மின்சாரம் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி மின்விசிறி முப்பது வாட்டில் இரவெல்லாம் சுற்றும். அதோடு கூரையிலும் பக்கச் சுவரிலும் வெப்பக் காப்பு நன்றாகப் போட்டு, உயரம் பார்த்து ஊரைத் தேர்ந்தால் இரவு கழிந்துவிடும். கோடையில் தளி, ஓசூர் பக்கம் ஏறிவிடுவது எங்களுக்கு இயல்பு. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயமானது, கிளம்புமுன் பதிந்துகொள்ளுங்கள். புலிகள் காப்பகத்துக்குள் நாயைக் கூட்டிப்போகும் எண்ணமே வேண்டாம்.

எவ்வளவு நல்ல ஏசி இருந்தாலும் நாய்களைப் பூட்டிவிட்டு இருவரும் சேர்ந்து போகக் கூடாது. ஒரு ஃபியூஸ் போனால் போதும். அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்குப் போனாலும் ஒருவர் தரிசிக்க, மற்றவர் வண்டியில் இருந்து, பிறகு மாறிக்கொள்வதுதான் முறை. நாயை வாகனமாகக் கொண்ட சாமி கோபித்துக்கொள்ளாது.

இனி காகித வேலை. வேனை வாங்கி உள்ளே இஷ்டத்துக்கு மாற்றினால், 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே நிற்கும். கரூரில் பஸ் பாடி கட்டும் கைத்திறனுக்குக் குறைவில்லை. ஆனால் மோட்டார் கேரவனுக்கு ஏஐஎஸ் 124 என்று தனித் தரவிதி இருக்கிறது. அதன்படி ஒப்புதல் பெற்ற வடிவத்தில் கட்டித் தருகிறவரிடமே கொடுங்கள், சொந்த உபயோகக் கேம்பர் வேன் என்று பதிவுச் சான்றில் (ஆர்.சி.) பதிவாகும்படி பாருங்கள். கார் லைசென்ஸே போதும், 7,500 கிலோ வரை இலகுரக வண்டிதான். ஆனால் 55 வயதைத் தாண்டியவர்களுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு வரும். இன்ஷூரன்ஸ் பாலிசியில் வண்டியின் வகை ஆர்.சி.யில் உள்ளபடியே இருக்க வேண்டும், கட்டில், பேட்டரி, சோலார் மதிப்பும் அதில் சேர்ந்திருக்க வேண்டும். பணம் கட்டுமுன் இரண்டு நாய்களையும் கூட்டிப்போய் வண்டியில் ஏற்றி, ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அவை எங்கே படுக்கின்றன என்று பார்த்துவிட்டுக் கட்டிலின் இடத்தை முடிவு செய்யுங்கள்.