மெர்லின் செயலி: பாட்டு முதலில், பெயர் பிறகு

அமெரிக்காவிலோ கனடாவிலோ இருந்துகொண்டு பறவை பார்க்கப் பழக வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் முதலில் கைகாட்டுவது மெர்லின் செயலியைத்தான். கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் நடத்துவது, காசு கிடையாது, ஆண்ட்ராய்டு ஐபோன் இரண்டிலும் ஓடும். கூடவே இன்னொன்றும் சொல்லிவிடுவேன்: பறவை பாடிக்கொண்டிருக்கும்போது திரையைப் பார்க்காதீர்கள். செயலியைப் புகழ்ந்து எழுதியவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், அதை வைத்து எப்படிக் கற்றுக்கொள்வது என்று எழுதியவர்கள் குறைவு, அதனால் நான் அந்தப் பக்கமிருந்தே எழுதுகிறேன்.

2014-ல் இது வெளிவந்தபோது ஐந்து கேள்வி மட்டும்தான் கேட்டது. எங்கே பார்த்தீர்கள், எந்தத் தேதியில், எவ்வளவு பெரியது, முக்கியமாகத் தெரிந்த நிறங்கள் என்ன, அது என்ன செய்துகொண்டிருந்தது. அளவுக்குச் சிட்டு, ராபின், காகம், பெருவாத்து என்று நாலு உருவங்களை வரிசையாக நிறுத்திக் காட்டும், அதில் எதற்குப் பக்கம் என்று தொட்டால் போதும். பிறகு புகைப்படத்தைக் கொடுத்தால் பெயர் சொல்லும் வசதி வந்தது. 2021 ஜூனில், பாட்டைக் கேட்டே பெயர் சொல்லும் சவுண்ட் ஐடி வந்ததும் எல்லோரும் அந்த ஐந்து கேள்விகளை மறந்தே போனார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் கண்ணைப் பழக்குவதற்கு இந்தச் செயலியில் அதைவிட நல்லது வேறு இல்லை. புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லோரும் நிறத்தில் போய் விழுவார்கள். அந்தக் கேள்விகள் உங்களை அளவையும் நடத்தையையும் பார்க்க வைக்கும். அடிமரத்திலிருந்து சுற்றிச் சுற்றி மேலே ஏறினால் பிரௌன் க்ரீப்பர், தலைகீழாக மரத்தில் இறங்கினால் நட்ஹேட்ச். நிறமே தெரியாத மங்கல் வெளிச்சத்திலும் இது உங்களுக்கு உதவும்.

சரி, சவுண்ட் ஐடிக்கு வருவோம். பொத்தானை அழுத்தினால் திரையின் மேல்பகுதியில் ஒலி ஒரு படமாக ஓடத் தொடங்கும். அதற்கு ஸ்பெக்ட்ரோகிராம் என்று பெயர். இடமிருந்து வலமாகப் போவது நேரம், கீழிருந்து மேலே போவது சுருதி. செயலி காதால் கேட்பதில்லை, இந்தப் படத்தைத்தான் பார்க்கிறது. அதே ஆய்வகத்தின் ஒலிப்பதிவுக் களஞ்சியமான மெக்காலே நூலகத்தில் உள்ள பதிவுகளில், எந்த இடத்தில் எந்தப் பறவை கத்துகிறது என்று மனிதர்கள் கையால் குறித்துக் கொடுத்ததை வைத்துத்தான் அது பழகியிருக்கிறது. அந்த நூலகத்தின் வேர் 1929-க்குப் போகும். அந்த ஆண்டு மே மாதம் இத்தகா நகரத்தின் ஸ்டூவர்ட் பூங்காவில் ஆர்தர் ஆலனும் உடனிருந்தவர்களும் சினிமாவுக்கான ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டுபோய்ப் பறவைப் பாட்டைப் பதிவு செய்தார்கள். அன்றிலிருந்து ஊர் ஊராகக் காடு காடாக விடியற்காலையில் நின்று பதிவு செய்தவர்களின் உழைப்புதான் இன்று நம் சட்டைப்பையில் இருக்கிறது. எனக்கு இந்தச் செயலி மேல் இருக்கும் மரியாதையில் பாதி அதனால் வந்தது.

பெயர்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக வரும், பாடுகிற நேரத்தில் அந்தப் பெயர் மஞ்சளாக ஒளிரும். இதைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். மே மாதத்துக் காலை ஒன்றில், வார்ப்ளர்கள் என்னும் சின்னப் பாட்டுப் பறவைகள் வலசை வந்து இறங்கியிருக்கும் இடத்தில், ஒஹாயோவின் மகீ சதுப்போ நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கோ, பத்து நிமிடத்தில் இருபது பெயர் வந்துவிடும். பெயர் வரும், பறவை மனதில் நிற்காது. ஓவன்பேர்டு என்று வாசித்த கண் அடுத்த நொடியே அடுத்த வரிக்குப் போய்விடுகிறது, காது வேலையே செய்யவில்லை. அடுத்த வாரம் அதே பாட்டைக் கேட்டால் மறுபடியும் போனைத்தான் எடுப்பீர்கள்.

நான் செய்வது இது. பதிவை ஓடவிட்டுப் போனைத் திரை தெரியாதபடி பிடித்துக்கொள்வேன். ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் கேட்பேன்: எத்தனை சுரம், ஏறுகிறதா இறங்குகிறதா, ஒரே சொல்லைத் திரும்பச் சொல்கிறதா, எந்த உயரத்திலிருந்து வருகிறது. மனதுக்குள் ஒரு பெயரைச் சொல்லிக்கொண்ட பிறகுதான் நிறுத்திவிட்டுப் பட்டியலைப் பார்ப்பேன். அப்புறம் வீட்டுக்கு வந்து பதிவைத் திறந்து ஒரு பெயரைத் தொட்டால், அந்தப் பறவை பாடிய இடத்துக்கே பதிவு போய் நிற்கும். கீழேயே அந்த இனத்தின் மாதிரிப் பாட்டுகளும் இருக்கும், இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்கலாம். என்னைக் கேட்டால் மெர்லினின் மிகச் சிறந்த வசதி இதுதான், உடனே பெயர் வருவது இல்லை. நீங்கள் நின்ற இடத்தில், நீங்கள் கேட்ட அதே பறவையை, வேண்டுமட்டும் திரும்பக் கேட்கலாம். முந்தைய தலைமுறை பறவைக்காரர்களுக்கு இப்படி ஒரு கொடுப்பினை இல்லை.

ஸ்பெக்ட்ரோகிராமைப் பார்க்கப் பழகினால் காதுக்கு எட்டாததும் பிடிபடும். கார்டினல் பாடும்போது சரிந்து இறங்கும் நீண்ட வளைவுகள் வரும், சிப்பிங் சிட்டுக்கு நெருக்கி நெருக்கி நிற்கும் செங்குத்துக் கோடுகள், வெண்தொண்டைச் சிட்டுக்கு ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேர்கோடுகள். இந்த வெண்தொண்டைச் சிட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதன் பாட்டு 'ஓ ஸ்வீட் கனடா கனடா கனடா' என்று ஒலிக்கும் என்றுதான் தலைமுறைகளாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள், கடைசித் துண்டு மூன்று மூன்று சுரமாக வரும். மேற்குக் கனடாவில் தோன்றிய, கடைசியில் இரண்டிரண்டு சுரமாக முடியும் ஒரு புதுப் பாட்டு, கிழக்கே ஒன்டாரியோ வரை பரவி பழையதைத் தள்ளிவிட்டது என்று 2020-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அடுத்த முறை அந்தப் பறவை பாடும்போது பதிவு செய்து கடைசித் துண்டை எண்ணிப் பாருங்கள். இதைச் செயலி சொல்லாது, ஆனால் நீங்கள் பார்ப்பதற்கு வேண்டியதை எல்லாம் கொடுத்துவிடுகிறது.

எங்கே தடுமாறும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே மாதிரி நடுங்கும் பாட்டுகள் முதல் சிக்கல். சிப்பிங் சிட்டு, பைன் வார்ப்ளர், ஜங்கோ மூன்றின் பாட்டும் ஒரே சுருதியில் தொடர்ந்து உதிரும், நல்ல காதுக்காரர்களே யோசிப்பார்கள். அங்கே இடத்தைப் பார்க்க வேண்டும், பைன் மரத்து உச்சியிலிருந்து வருகிறதா, புல்வெளி ஓரத்திலிருந்தா என்று. அடுத்தது குரல் திருடர்கள். மைனா குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங், ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து 1890-ல் நியூயார்க்கில் விடப்பட்டது, பக்கத்திலிருக்கும் பறவை எதன் குரலையும் எடுத்துக்கொள்ளும். புளூ ஜே என்ற பறவை, பருந்து மாதிரியே கத்தும், அதிலும் ரெட்-ஷோல்டர்டு பருந்தின் குரல் அப்படியே வரும். அப்போது அங்கே இல்லாத பறவையின் பெயர் பட்டியலில் வந்தால் ஆச்சரியமில்லை. மாக்கிங்பேர்டுக்கும் அதன் சொந்தக்காரர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு: மாக்கிங்பேர்டு ஒரு துண்டை மூன்று முறையோ அதற்கு மேலோ சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகும், பிரௌன் த்ராஷர் பெரும்பாலும் இரண்டு முறை, கேட்பேர்டு பொதுவாக ஒரு முறையோடு விட்டுவிடும். இதைக் காதில் ஏற்றிக்கொண்டால் அந்த மூன்றுக்கும் செயலி தேவைப்படாது.

இதற்கு நேர்மாறாக, செயலி இல்லாமல் முடியாது என்று நான் நினைக்கும் இடங்களும் இருக்கின்றன. எம்பிடோனாக்ஸ் ஈப்பிடிப்பான்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எல்லாம் ஒரே மங்கல் பச்சை, ஒரே கண் வளையம், ஒரே இறக்கைக் கோடு. ஆல்டர், வில்லோ என்ற இரண்டையும் 1973 வரை ஒரே இனமாகத்தான் வைத்திருந்தார்கள். குரல்தான் பிரித்துக்கொடுத்தது: வில்லோ 'ஃபிட்ஸ்-பியூ' என்று தும்மும், ஆல்டர் 'ஃப்ரீ-பீ-ஓ' என்று இழுக்கும். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் கிழக்கு மேற்கு மெடோலார்க்குகளும் அப்படியே, சாதாரணக் காகமும் மீன்காகமும் அப்படியே. அப்புறம் வயதானவர்கள். வயதாக ஆக உயர்ந்த சுருதிதான் முதலில் காதை விட்டுப் போகும், பிளாக்போல் வார்ப்ளர், சீடர் வாக்ஸ்விங், கோல்டன்-க்ரௌண்டு கிங்லெட் எல்லாம் பாடுவது அந்த உயரத்தில்தான். போனின் மைக்குக்கு அது கேட்கும். பெயர் மஞ்சளாக ஒளிர்ந்ததும் தலையை நிமிர்த்திக் கிளையைத் தேடலாம். வாழ்நாள் முழுக்கப் பறவை பார்த்துவிட்டு, காது மங்கியதால் வெளியே போவதையே விட்டுவிட்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம்!

கண்ணால் அடையாளம் காண்பதில் புகைப்பட வசதி ஓரளவு நன்றாகவே இருக்கிறது, கேமரா திரையில் தெரிகிற படத்தைப் போனில் எடுத்துக் கொடுத்தாலும் பெரும்பாலும் சமாளிக்கும். ஆனால் டௌனி, ஹேரி மரங்கொத்திகளை அது சொல்லித் தெரிந்துகொள்ளாதீர்கள், அலகைப் பாருங்கள். ஹேரிக்கு அலகு கிட்டத்தட்டத் தலையின் நீளம் இருக்கும், டௌனிக்கு அதில் பாதிகூட வராது. குரலிலும் வித்தியாசம் உண்டு, டௌனி கனைப்பது கடைசியில் கீழே இறங்கும், ஹேரி ஒரே உயரத்தில் கடகடக்கும்.

பெயர் தெரிந்த பிறகுதான் சுவாரசியமே. சிக்கடீ 'சிக்-அ-டீ-டீ-டீ' என்று கத்தும்போது செயலி எத்தனை முறையும் அதே பெயரைத்தான் காட்டும். ஆனால் பின்னால் வரும் 'டீ' எத்தனை என்பதில் விஷயம் இருக்கிறது. 2005-ல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வின்படி, உடம்பு சிறிதாக இருப்பதால் சிக்கடீக்கு அதிக ஆபத்தான குள்ள ஆந்தைக்கு அவை 'டீ'யை அடுக்கிக்கொண்டே போகின்றன, பெரிய கொம்பு ஆந்தைக்கு அவ்வளவு இல்லை. 'டீ' நீண்டுகொண்டே போனால் அந்த மரத்தை உற்றுப் பாருங்கள், ஆந்தை உட்கார்ந்திருக்கலாம். ரெட்-ஐடு விரியோ என்ற பறவையிலும் பெயரைத் தாண்டி ஒன்று உண்டு, நடுப்பகல் வெயிலில் மற்றதெல்லாம் அடங்கிய பிறகும் அது நிறுத்தாது. 1952-ல் ஒன்டாரியோவில் லூயிஸ் டி கிரிலைன் லாரன்ஸ் ஒரே ஒரு விரியோவை நாள் முழுக்கக் கூட இருந்து எண்ணியபோது 22,197 பாட்டு வந்தது. அப்படி உட்கார்ந்து கேட்கும் பொறுமையை எந்தச் செயலியும் கொடுத்துவிடாது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: செயலியில் உங்கள் ஊருக்கும் இந்தத் தேதிக்கும் எந்தப் பறவை அதிகம் தெரியும் என்ற பட்டியல் இருக்கிறது. பார்த்த பறவைகளை யாரும் பதியக்கூடிய ஈபேர்டு தளத்தில் மக்கள் பதிந்ததை வைத்து வருவது. அதில் மேலே இருப்பவற்றை மட்டும் முதலில் பழகுங்கள். கிழக்குப் பக்கம் என்றால் ராபின், கார்டினல், 'பீட்டர் பீட்டர்' என்று கூப்பிடும் டிட்மவுஸ், கரோலினா ரென், சாங் ஸ்பேரோ. மார்ச், ஏப்ரலில் இலை வராத மரத்தில் இவை பாடுவதைக் கண்ணாலும் பார்க்கலாம். ராபின் பாட்டு நன்றாக மனதில் பதிந்துவிட்டால், தொண்டை கட்டிய ராபின் என்று அங்கே சொல்லப்படும் ஸ்கார்லெட் டானஜரும், பாட்டு வகுப்புக்குப் போய் வந்த ராபின் என்று சொல்லப்படும் ரோஸ்-பிரெஸ்டட் க்ரோஸ்பீக்கும் மே மாதத்தில் வரும்போது தானாகப் பிரிந்து தெரியும்.

இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருப்பேன். செயலி பெயர் காட்டியது என்பதற்காக மட்டும் ஈபேர்டில் பதியாதீர்கள், நீங்களே கேட்டோ பார்த்தோ உறுதி செய்ததைப் போடுங்கள். அந்தத் தரவை ஆராய்ச்சியாளர்கள் நம்பி எடுக்கிறார்கள். இரண்டாவது, செயலியில் இருக்கும் பாட்டைக் காட்டில் சத்தமாக ஓடவிட்டுப் பறவையை வரவழைக்கக் கூடாது. குஞ்சு பொரிக்கும் காலத்தில் எதிரி வந்துவிட்டது என்று நினைத்து அது கூட்டை விட்டுவிட்டு வந்து சண்டைக்கு நிற்கும். பல சரணாலயங்களில் இதற்குத் தடையே இருக்கிறது. மாதிரிப் பாட்டு கேட்பதென்றால் வீட்டில் கேளுங்கள், வெளியில் என்றால் காதில் மாட்டிக்கொண்டு கேளுங்கள்.

உங்கள் பகுதிப் பறவைகளின் தகவல் அடங்கிய பேக்கை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துவிடுங்கள், கொஞ்சம் பெரிய கோப்பு, காட்டுக்குள் சிக்னல் இருக்காது, இறக்கியிருந்தால் இணையம் இல்லாமலே எல்லாம் வேலை செய்யும். நீண்ட பதிவுகள் போனில் இடத்தை அடைக்கும், வாரம் ஒருமுறை உட்கார்ந்து வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தை அழித்துவிடலாம்.