கிள்ளானில் பழைய டெரஸ் வீடு: வாங்கிக் குடியிருந்த அனுபவம்

2021-இல் மலேசியாவின் கிள்ளானில் ஒற்றை மாடி டெரஸ் வீடு (பக்கச் சுவர்கள் ஒட்டிய வரிசை வீடு) ஒன்றை வாங்கினோம். 1980-களில் கட்டியது. 20-க்கு 65 அடி மனை, ஃப்ரீஹோல்ட் (குத்தகைக் காலம் இல்லாத நிரந்தர உரிமை). அதே விலைக்குப் புது அடுக்குமாடி வீடும் கிடைத்திருக்கும். மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் இல்லை, கார் வாசலிலேயே நிற்கும் என்பதால் இதை எடுத்தோம்.

5 லட்சம் ரிங்கிட்டுக்கு உட்பட்ட முதல் வீடு என்பதால் முத்திரை வரி விலக்கு கிடைத்தது. ஆனால் 90 விழுக்காட்டு வங்கிக் கடன் என்பது விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதற்குத்தான். எங்களுக்கு மதிப்பீடு குறைவாக வந்தது. வித்தியாசத்தைக் கையிலிருந்துதான் போட்டோம். பழுதுபார்க்கும் செலவு தனி.

பழைய ஜிஐ குழாயில் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) காலையில் துருத் தண்ணீர்தான் வரும். சுவரை உடைக்காமல் வெளிப்புறமாகப் புதுக் குழாய் போட்டோம். ஃபியூஸ் பெட்டியையும் மாற்றி, தண்ணீர் ஹீட்டருக்குத் தனியாக 10 மில்லியாம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) வைத்தோம். சரி, இவை ஒருமுறைச் செலவு.

ஓயாத தலைவலி, ஒட்டுகளில்தான். முந்தைய உரிமையாளர் பின்பக்கம் சமையலறையை இழுத்துக் கட்டியிருந்தார். இரண்டு கூரையும் சேரும் இடத்தில் ஒழுகும். சிலிக்கான் பூசினால் கொஞ்ச நாள் தாங்கும், அப்புறம் பழையபடி. கூரை வாய்க்காலை அகலமாக மாற்றிய பிறகுதான் நின்றது. கிள்ளானில் பல இடங்களில் களிமண் தரை. பைலிங் (தரையில் ஆழமாக இறக்கும் அடித்தளத் தூண்கள்) இல்லாமல் நீட்டிய பகுதி தனியாக இறங்கும். அந்த ஒட்டில் விழும் விரிசலை எத்தனை முறை பூசினாலும் திரும்ப வரும். அடிப்படை சரியில்லாமல் மேலே டைல்ஸ் மாற்றுவது வீண்.

பொதுச் சுவர் இன்னொரு கதை. பக்கத்து வீட்டுக் குளியலறை கசிந்தால் எங்கள் அறைச் சுவர் ஊறும். அந்த வீட்டு உரிமையாளர் வெளியூர், வாடகைக்குக் குடியிருப்பவருக்கு அக்கறையில்லை. கரையானும் அப்படித்தான்; நாம் மட்டும் மருந்தடித்தால் அடுத்த வீட்டிலிருந்து வந்துவிடும்.

குடியிருக்க வாங்குவதாக இருந்தால் தாராளமாக வாங்கலாம், நாங்கள் நிம்மதியாகத்தான் இருக்கிறோம். வாடகைக்கு விடுவதாக இருந்தால், அடிக்கடி போய்ப் பார்க்கும் தூரத்தில் வாங்குங்கள். வீட்டை மழை நாளில் ஒருமுறை பாருங்கள். இருபக்க வீட்டாரிடமும் வெள்ளம் வருமா என்று கேளுங்கள். நாங்கள் வாங்கிய ஆண்டு டிசம்பரில்தான் பக்கத்து ஷா ஆலம் நகரின் தாமான் ஸ்ரீ மூடா குடியிருப்பு வெள்ளத்தில் மூழ்கியது. ஏஜெண்ட் இதையெல்லாம் தானாகச் சொல்ல மாட்டார்.