ஏழு வருடம், இரண்டு பேட்டரி: கரண்ட் பில் குறைந்ததா?

எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சோலார் பேட்டரியை மாதம் ஒருவராவது வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போகிறார். "இதை வெச்சா பில் குறையுமா?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். முதல் இரண்டு வருடம் "குறையும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இப்போது யார் கேட்டாலும் "உங்க ஈபி அட்டையை எடுத்துட்டு வாங்க" என்கிறேன்.

நான் பேட்டரி வாங்கியது பில்லுக்காக இல்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டைக்கு அருகே இருக்கும் எங்கள் ஊரில் தென்னையோடு மின்கம்பங்களும் வரிசையாகச் சாய்ந்தன. எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்ப மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. செல்போனுக்கு சார்ஜ் போட ஜெனரேட்டர் வைத்திருந்தவரிடம் 20 ரூபாய் கொடுத்து வரிசையில் நின்றோம். அந்தக் கடுப்பில்தான் 2019 மார்ச்சில் கூரையில் 2 கிலோவாட் சோலார் பேனலும், நான்கு 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் (ஈய வகை) பேட்டரியும் வந்தன. விற்றவர் போகிற போக்கில் "இனிமே உங்களுக்கு ஜீரோ பில் சார்" என்றார். அந்த வார்த்தையை நம்பியது என் தப்பு.

டியூபுலர் பேட்டரியோடு குடித்தனம் நடத்துவது மாடு வளர்ப்பது மாதிரி. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். டெர்மினலில் பூக்கும் பச்சை உப்பைச் சுரண்டி வாசலின் தடவ வேண்டும். ஒரு தடவை வேட்டியோடு அந்த வேலையைச் செய்தேன். அடுத்த துவைப்பில் வேட்டி சல்லடையாக வந்தது. நான்கு பேட்டரியும் சேர்த்துக் காகிதத்தில் 7.2 யூனிட் கொள்ளளவு. ஆனால் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் கையில் கிடைப்பது மூன்றரை யூனிட்தான். அதிலும் சேதாரம் உண்டு. பேனலிலிருந்து 100 யூனிட் உள்ளே போனால் 70, 75தான் திரும்பி வந்தது. ஈய பேட்டரிக்கு வெயிலும் ஆகாது. எங்கள் ஊர் மே மாதம் அதற்கு எமன்.

மூன்றாம் வருடம் சாயங்காலம் ஆறு மணிக்கு நிரம்பியதாகக் காட்டும் பேட்டரி எட்டரைக்கே கீச்சிட ஆரம்பித்தது. நான்காம் வருட முடிவில் எடைக்குப் போட்டேன், 16,000 ரூபாய் கிடைத்தது. வாங்கியது 56,000. ஆக 40,000 ரூபாய் கரைந்திருக்கிறது. நான்கு வருடத்தில் அது கொடுத்தது நாளுக்குச் சராசரி இரண்டேகால் யூனிட், மொத்தம் சுமார் 3,300 யூனிட். ஒரு யூனிட்டைப் பகலில் பிடித்து வைத்து இரவில் திருப்பிக் கொடுக்க 12 ரூபாய் வாங்கியிருக்கிறது. 2022 செப்டம்பர் வரை வீடுகளுக்கு ஈபி போட்டிருந்த உச்ச விலையே 6 ரூபாய் 60 காசுதான். பேனலை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. பேனல் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. நஷ்டம் முழுக்க பேட்டரி பக்கம்.

இவ்வளவுக்குப் பிறகும் இன்னொரு பேட்டரி ஏன் வாங்கினாய் என்று வீட்டிலும் கேட்டார்கள். புயல் பயம் ஒரு காரணம். இன்னொன்று 2022 செப்டம்பர் 10-ல் வந்த கட்டண உயர்வு. அது வீட்டுக் கணக்கையே மாற்றிப்போட்டது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை ஒரு பட்டியல், அதைத் தாண்டினால் வேறு பட்டியல். முதல் 100 யூனிட் இரண்டிலும் இலவசம். 500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரை 2.25, அடுத்த 200-க்கு 4.50, கடைசி 100-க்கு 6 ரூபாய். மொத்தம் 1,725 ரூபாய். ஒரே ஒரு யூனிட் தாண்டி 501 ஆனால், அந்த 2.25 சலுகை போய் 101-லிருந்து 400 வரை எல்லாமே 4.50 ஆகிவிடும். பில் 1,958. ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! 500-க்கு மேல் 8, 600-க்கு மேல் 9, 800-க்கு மேல் 10, ஆயிரத்துக்கு மேல் 11 என்று படி ஏறிக்கொண்டே போகும். 2024 ஜூலையில் இது இன்னும் கொஞ்சம் ஏறியது. படிக்கட்டு மட்டும் அப்போதும் மாறவில்லை.

சரி, 2023 மார்ச்சில் லித்தியத்துக்கு மாறினேன். லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர், அதாவது 5.12 யூனிட். அதில் நான்கு யூனிட்டைத் தைரியமாக எடுக்கலாம். விலை 1,24,000 ரூபாய், பத்து வருட உத்தரவாதம். பேனல், பேட்டரி, லைன் மூன்றையும் சேர்த்துக் கையாளும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் தனி.

புழங்குவதற்கு இது வேறு உலகம். தண்ணீர் இல்லை, வாடை இல்லை, சேதாரம் குறைவு. 100 போனால் 88 திரும்புகிறது. ஆனால் முதல் கோடையிலேயே ஒரு பாடம் கற்பித்தது. மாடியில் தகரக் கொட்டகைக்குள் மாட்டச் சொன்னது நான்தான், கேபிள் நீளம் மிச்சமாகும் என்று. மே மாத மத்தியானம் உள்ளே சூடு ஏறியதும் பேட்டரியைக் காவல் காக்கும் பிஎம்எஸ் பலகை சார்ஜை நிறுத்திவிட்டது. வெயில் அடிக்கும் நேரத்தில் சார்ஜ் ஏறாத சோலார்! கீழே மாடிப்படிக்கு அடியில் கொண்டுவந்த பிறகு அந்தத் தொந்தரவு இல்லை. இன்னொரு குழப்பம் திரையில் காட்டும் சதவீதம். இந்த வகை பேட்டரியில் வோல்டேஜ் நிரம்பியதிலிருந்து தீரும் வரை கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நிற்பதால், எவ்வளவு மிச்சம் என்பதை இன்வெர்ட்டர் குத்துமதிப்பாகத்தான் எண்ணுகிறது. மழைக்காலத்தில் பல நாள் முழுதாக நிரம்பாமல் ஓடினால் எண்ணிக்கை வழிதவறிவிடும். ஒரு நாள் 38 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே வீடு இருட்டானது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நூறு வரை ஏற்றி ஒரு மணி நேரம் அப்படியே விட்டால் சரியாகிவிடுகிறது.

இப்போது பில். எங்கள் வீட்டில் ஏப்ரல்-மே மாதங்களில் இரண்டு ஏசி ஓடும். சோலார் இல்லையென்றால் சுமார் 900 யூனிட், 2022 விலையில் 5,550 ரூபாய். பேனல் பகலில் நேராகக் கொடுப்பது 190 யூனிட். அதைக் கழித்தால் 710 யூனிட், 3,740 ரூபாய். இதற்கு மேல் பேட்டரி இரவில் நாளுக்கு மூன்றரை வீதம் 210 யூனிட் கொடுக்கிறது. 500-ல் வந்து நிற்கிறது, 1,725 ரூபாய். ஆக பேட்டரியின் சம்பாத்தியம் 2,015 ரூபாய், யூனிட்டுக்கு ஒன்பதரைக்குக் கொஞ்சம் மேலே. கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா?

நவம்பர்-டிசம்பருக்கு வாருங்கள். வடகிழக்குப் பருவமழை, மேகம், ஏசி கிடையாது. பேட்டரி இல்லாமல் 370 யூனிட் ஆகும் பில்லை அது 230-க்கு இறக்கியது. மிச்சம் 630 ரூபாய், யூனிட்டுக்கு நாலரை. வருடம் முழுக்கச் சேர்த்தால் பேட்டரி மட்டும் எனக்கு மிச்சம் பிடித்தது 7,000 ரூபாயை ஒட்டி. 1,24,000 ரூபாயை 7,000-ஆல் வகுத்தால் 17 வருடத்துக்கு மேல் போகிறது. உத்தரவாதமோ பத்து வருடம்.

இன்னொரு வழியிலும் பார்த்தேன். இன்வெர்ட்டர் கணக்குப்படி மூன்று வருடத்தில் பேட்டரியிலிருந்து வெளியே வந்தது சுமார் 3,400 யூனிட். இதே வேகத்தில் பத்து வருடம் ஓடி நின்றால் ஒரு யூனிட்டுக்கு 11 ரூபாய். பதினைந்து வருடம் உழைத்தால் ஏழு ரூபாய் சொச்சம். உங்கள் பில்லில் கடைசியாக நிற்கும் யூனிட்டின் விலை இதைவிடக் குறைவென்றால் பேட்டரி உங்களுக்கு நஷ்டம். ஈபி அட்டையைக் கேட்பது இதற்காகத்தான். 300 யூனிட் ஓட்டும் வீட்டுக்கு வாங்கவே வேண்டாம் என்று சொல்லி இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். 500-ஐ ஒட்டி நிற்கும் வீட்டில் மட்டும் கதை கொஞ்சம் மாறும். அங்கேயும் பேட்டரியைவிடக் கவனம்தான் அதிகம் சம்பாதிக்கும். 2023 கோடையில் அக்கா குடும்பம் வந்திருந்தார்கள், ஏசி விடிய விடிய ஓடியது. மீட்டரைப் பார்க்க மறந்தேன். ரீடிங் 503. மூன்று யூனிட்டுக்கு 249 ரூபாய் கூடுதல். அதற்குப் பிறகு ஐம்பதாம் நாளிலிருந்து மீட்டர் பார்ப்பது என் மனைவியின் இலாகா.

அவர் செய்த இன்னொரு மாற்றத்தைச் சொல்லியாக வேண்டும். காலை ஆறு மணிக்கு ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் மோட்டார், மாவு அரைக்கும் கிரைண்டர், வாஷிங் மெஷின் மூன்றையும் பதினொரு மணிக்குத் தள்ளிவிட்டார். பேனலிலிருந்து நேராக ஓடுகிறது, சேதாரமே இல்லை. மோட்டார் கிளம்பும்போது நாலைந்து மடங்கு கரண்ட் இழுத்து இன்வெர்ட்டரைத் திணறடிக்கும் பிரச்சினையும் ஒரு நேரத்தில் ஒரு வேலை என்று வைத்ததும் போய்விட்டது. மேலே இருக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டியும் ஒரு பேட்டரிதானே என்றார். செலவில்லாமல் கிடைத்த மிச்சம் இது ஒன்றுதான்.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு பேட்டரி லாபம்தான் என்று சிலர் வாதாடுகிறார்கள். அங்கே கதை வேறு. இங்கிலாந்தில் நள்ளிரவு 12:30 முதல் 5:30 வரை பகல் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக மின்சாரம் விற்கும் திட்டங்கள் இருக்கின்றன. பேனலே இல்லாமல் இரவில் பேட்டரியை நிரப்பிப் பகலில் ஓட்டலாம். நம் வீட்டு மீட்டருக்கு நள்ளிரவும் ஒன்றுதான், நடுப்பகலும் ஒன்றுதான். இங்கே லைனிலிருந்து பேட்டரியை நிரப்பினால் சேதாரத்துக்கும் சேர்த்து பில் கட்டுவோம். நேரத்துக்கு ஏற்ற விலைக்கு மத்திய அரசு 2023-ல் விதி போட்டது. சூரிய நேரத்தில் குறைவு, உச்ச நேரத்தில் கூடுதல் என்று அது பேசுகிறது. என் பில்லில் இன்னும் வரவில்லை. வந்தாலும் அந்த வித்தியாசத்தில் பதினொரு ரூபாய் கணக்கு நேராகாது.

என்னை உண்மையில் உறுத்துவது ஒரத்தநாட்டில் இருக்கும் சித்தப்பா மகன் வீடு. 2024-ல் பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் போட்டான். 1,95,000 ரூபாய் ஆனது, மானியம் 78,000 வந்தது. கைக்காசு 1,17,000. என் பேட்டரியின் விலைகூட இல்லை. பகலில் மிஞ்சுவதை நெட் மீட்டர் வழியாக லைனுக்கு அனுப்புகிறான், இரவில் எடுத்துக்கொள்கிறான், கழித்தது போகத்தான் பில். அனுப்பியதும் எடுத்ததும் யூனிட்டுக்கு யூனிட் நேர். எந்த பேட்டரியாலும் நூறு போட்டு நூறு தர முடியாது. "அண்ணே, என் பேட்டரி துணை மின்நிலையத்துல இருக்கு" என்று கிண்டல் வேறு.

ஆனால் மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை மின்சாரம் நிறுத்தும் நாளில் அவன் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். கூரையில் கொளுத்தும் வெயில், வரிசையாகப் பேனல், கீழே சித்தி பனையோலை விசிறியோடு உட்கார்ந்திருப்பார். லைனில் மின்சாரம் இல்லையென்றால் அந்த வகை இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை பார்க்கிற லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அப்படிப்பட்ட நாள்களில் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறார். மிக்சியில் சட்னி அரைத்து, மின்விசிறிக்குக் கீழே அம்மாவோடு கதை பேசிவிட்டு ஆறு மணி பஸ்ஸில் திரும்புவார்.

நானும் இப்போது நெட் மீட்டருக்கு விண்ணப்பிக்கிறேன். பேட்டரியை விற்கப்போவதில்லை. தினமும் சார்ஜ் ஏற்றி இறக்கி பில்லோடு மல்லுக்கட்டுவதை நிறுத்திவிட்டு, மின்தடைக்கு மட்டும் வைத்துக்கொள்ளப் போகிறேன். இன்வெர்ட்டரில் எந்த அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று ஒரு எல்லை போடலாம். வெயில் காலத்தில் 20 சதவீதம் வைத்திருந்தேன். போன ஐப்பசியில் வானிலை அறிவிப்பைக் கேட்டுவிட்டு அம்மா, "அந்தப் பொட்டிய முழுசா ரொப்பி வையிடா" என்றார். அன்றிலிருந்து அது 80.