பெயர் தெரியாத பழைய ரோஜாவா? சாங்கர்ஹவுசன் போங்கள்

ஜெர்மனியின் சாங்கர்ஹவுசன் ரோஜாத் தோட்டம் 1903-இல் திறக்கப்பட்டது. இன்று 8,000-க்கும் மேற்பட்ட ரகங்கள். பெயர் தொலைந்த பழைய ரோஜாவை ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடச் செறிவான இடம் கிடையாது. ஜூனில் போங்கள்: காலிகா, ஆல்பா என்னும் பழைய ரோஜா வகைகள் ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும்.

பூவின் படம் மட்டும் போதாது, வெயிலுக்கு நிறம் மாறும். முள், மொட்டு, புல்லிதழ், இலையின் அடிப்புறம், காய் எல்லாவற்றையும் படமெடுத்துச் செல்லுங்கள். சாம்பல் பூத்த நீலப்பச்சை இலை ஆல்பாவைக் காட்டும். சொரசொரப்பான இலையும் நெருக்கமான சிறு முட்களும் காலிகாவை.

எந்தத் தோட்டத்திலும் பெயர்ப்பலகையை மட்டும் நம்ப வேண்டாம். மேலே ஒட்டுக்கட்டிய ரகம் பட்டுப்போய், அதை வேரோடு தாங்கிய அடிச்செடி தழைத்துவிடுவதுண்டு. பலகை அடுக்கிதழ் ரகத்தைச் சொல்ல, செடி ஐந்திதழில் வெளிறிப் பூத்தால் தூரைக் கிளறி, தளிர் ஒட்டுக்குக் கீழிருந்து வருகிறதா என்று தோட்டக்காரரைப் பார்க்கச் சொல்லுங்கள்.