பெர்கால்: ஆண்மலட்டு மக்காச்சோள ஆய்வுக்குத் தேறுமா?

பெர்கால் என்பது நுண்ணிய சிலிக்கா துகள்கள் கலந்த திரவம்; மையவிலக்கியில் சுழற்றி மைட்டோகாண்ட்ரியா போன்ற செல் உறுப்புகளை அடர்த்திப்படி பிரிக்க உதவும். டெக்சாஸ் சைட்டோபிளாச வகை மக்காச்சோளத்தின் ஆண்மலட்டுத்தன்மைக்கு (வளமான மகரந்தம் உருவாகாமைக்கு) காரணம் யுஆர்எஃப்13. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் இருக்கும் 13 கிலோடால்டன் புரதம் இது. எல்லாத் திசுக்களிலும் இருப்பதால் இருட்டில் வளர்த்த நாற்றுத் தண்டே போதும். பச்சையம் தொல்லை தராது. நெல்லில் ஆண்மலட்டுத்தன்மை தரும் டபிள்யூஏ352 புரதம் அப்படியல்ல. அது மகரந்தப்பையின் டபீட்டம் எனும் உள்ளடுக்கில்தான் சேர்கிறது, நாற்றில் தேடினால் பெர்கால் என்ன செய்யும்?

மைட்டோகாண்ட்ரியாவைப் பிரிக்கும் இந்த வேலைக்கு சுக்ரோஸ் அடர்த்திப் படிகளைவிட பெர்கால் மேல். அதன் ஊடுபரவல் அழுத்தம் மிகக் குறைவு. உறுப்புகள் நீரிழந்து சுருங்குவதில்லை. ஆனால் அதே குணம் ஆபத்தும் ஆகும்: வெறும் நீரில் கலந்தால் மைட்டோகாண்ட்ரியா வீங்கி வெடிக்கும். இருமடங்குச் செறிவுள்ள, 0.6 மோலார் சுக்ரோஸ் கழுவு கரைசலில் கலந்து 28% ஆக்குங்கள். பிஎச் (pH) அளவு 5.5க்குக் கீழே போனால் பெர்கால் கூழாகிவிடும். கிருமிநீக்கம் வேண்டுமென்றால் கலப்பதற்கு முன்பே செய்யவேண்டும். சர்க்கரையோடு சூடாக்கினால் துகள்கள் திரளும்.

மையவிலக்கியின் சாய்கோண ரோட்டாரில் 40,000 ஜி (புவியீர்ப்பைப் போல் 40,000 மடங்கு), 45 நிமிடம், 4 டிகிரி செல்சியஸ். பிரேக்கை அணைத்துவிடுங்கள், இல்லையேல் மைட்டோகாண்ட்ரியா சேர்ந்த பட்டை கலைந்துபோகும்.

உண்மையான குறை, பெர்காலைக் கழுவி நீக்குவதுதான். மிஞ்சினால் புரத அளவீடு பிசகும், புரதங்களை அளவுப்படி பிரிக்கும் ஜெல்லில் கோடுகள் இழுபடும். எடுத்த பட்டையைப் பத்து மடங்காவது நீர்த்து, இரண்டு மூன்று முறை கழுவலாம். கடைசிக் கழுவலில் ஆல்புமின் புரதம் சேர்க்க வேண்டாம், ஜெல்லில் 66 கிலோடால்டனில் பெரிய பட்டையாக வந்து நிற்கும். யுஆர்எஃப்13 சிறியது என்பதால் டிரைசின் ஜெல்லே சரி.