நாயின் பயத்தை 21 நாளில் போக்குவதாகச் சொன்னால் பணம் கட்டாதீர்கள்

"உங்கள் நாய் மற்ற நாய்களைக் கண்டாலே நடுங்குகிறதா? 21 நாள் எங்களிடம் விடுங்கள், பத்து நாய்களோடு விளையாட வைத்துத் தருகிறோம்." நாய்ப் பயிற்சி மையம் ஒன்றின் இந்த மாதிரி விளம்பரத்தை நம்பிச் சென்னையில் ஒரு குடும்பம் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டி ஏமாந்திருக்கிறது. தெருவில் குட்டியாக எடுத்து வளர்த்த இரண்டு வயதுப் பெண் நாய். லிஃப்டில் வேறு நாய் வந்தால் மூலையில் ஒடுங்கிக்கொள்ளும், உறுமும். அவ்வளவுதான் அதன் பிரச்சினை. யாரையும் கடித்ததில்லை.

நடுவில் போய்ப் பார்க்க அனுமதி இல்லை. "ஓனரைப் பார்த்தால் நாய் ஏங்கிப்போகும், பயிற்சி கெட்டுவிடும்" என்றார்கள். கடைசி வாரத்தில் ஒரு வீடியோ வந்தது. அதைக் கூர்ந்து பாருங்கள்: சுற்றிலும் ஏழெட்டு நாய்கள் ஓடுகின்றன. இவள் நடுவில் அசையாமல் நிற்கிறாள். வால் வயிற்றோடு ஒட்டியிருக்கிறது. எதையும் தின்னாமலே நாக்கு மூக்கைத் தொட்டுத் தொட்டு வருகிறது. தலை ஒரு பக்கம், கண் இன்னொரு பக்கம், ஓரத்தில் வெள்ளை விழி பிறையாகத் தெரிகிறது. பின்னாலிருந்து குரல்: "பாருங்க சார், எவ்ளோ அமைதியா நிக்குது!"

அது அமைதி இல்லை, உறைந்துபோன நிலை. ஓடவும் வழியில்லை, உறுமினால் சோக் செயினில் (இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலி) இழுப்பு விழும் என்றால் நாய்க்கு மிச்சம் இருப்பது அசையாமல் நிற்பது ஒன்றுதான். 1967-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மேனும் ஸ்டீவன் மேயரும் இதைத்தான் கண்டார்கள். தப்பவே முடியாதபடி மின் அதிர்ச்சி வாங்கிய நாய்களில் பல, பிறகு தாழ்ந்த தடுப்பைத் தாண்டித் தப்பலாம் என்றிருந்தும் படுத்தே கிடந்தன. அந்த நிலையைத்தான் இந்த மையங்கள் "ரிசல்ட்" என்று விற்கின்றன.

வீட்டுக்கு வந்த நாயின் கழுத்தில் செயின் உரசி முடி உதிர்ந்திருந்தது. அதைவிடப் பெரிய சேதம் சில நாளில் தெரிந்தது. லிஃப்டில் பக்கத்து வீட்டு நாய் ஏறியதும் உறுமாமலேயே கடித்துவிட்டது. உறுமல் என்பது "கிட்டே வராதே" என்ற எச்சரிக்கை. தண்டித்தால் எச்சரிக்கை மட்டும் போகும், பயம் உள்ளேயே இருக்கும். கூடவே, இன்னொரு நாய் தெரியும்போதெல்லாம் கழுத்து வலித்ததால் "நாய் வந்தால் வலி வரும்" என்றும் பாடம் படிந்துவிடுகிறது. மின் அதிர்ச்சி தரும் ஷாக் காலரிலும் நடப்பது இதேதான்.

சரியான வேலை மெதுவாக நடக்கும், பார்க்கச் சுவாரசியமாகவே இருக்காது. வீடியோ எடுத்தால் யாரும் லைக் போடமாட்டார்கள். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டி இடுப்பு வலி, காது ரணம் எதுவும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். வலியுள்ள நாய்க்கு எந்தப் பயிற்சியும் ஏறாது.

பிறகு தூரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். எதிரே நாய் இருப்பது தெரிந்தும் உங்கள் கையிலிருந்து வாங்கித் தின்கிற தூரம் எதுவோ, அதுதான் தொடக்கம். சில நாய்களுக்கு 10 மீட்டர், சிலவற்றுக்கு 50. உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழிக்கறியைக் கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்கி ஒரு கை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கறி வேறு எப்போதும் கிடைக்கக் கூடாது. எதிரே இருக்கும் நாய் கண்ணில் பட்ட பிறகே கறி வர வேண்டும், அது மறைந்ததும் நிற்க வேண்டும். நிறையப் பேர் தவறுவது இந்த வரிசையில்தான். பதற்றத்தில் முதலில் கை பைக்குள் போய்விடுகிறது. கவர் சரசரத்தாலே ஏதோ நாய் வருகிறது என்று உங்கள் நாய் கற்றுக்கொண்டு, கறியைப் பார்த்தே மிரள ஆரம்பிக்கும்.

ஒரு தடவைக்கு 10 நிமிடம் போதும், வாரத்துக்கு மூன்று நான்கு தடவை. எதிரே நாயைப் பார்த்ததும் உங்கள் நாய் தானாகவே உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா? அடுத்த முறை ஒன்றிரண்டு மீட்டர் கிட்டே போகலாம். தின்ன மறுத்தாலோ கையைக் கவ்வுவதுபோல் வெடுக்கென்று பிடுங்கினாலோ மிக அருகில் போய்விட்டீர்கள். உடனே திரும்பி நடங்கள். பெரிதாக மிரண்ட நாளுக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் பயிற்சியே வேண்டாம்.

அடுத்தது இணையாக நடப்பது. தடுப்பூசி போட்ட, முறைத்துப் பார்க்காத, வயது வந்த நாய் ஒன்று துணைக்கு வேண்டும். குட்டி வேண்டாம், அது மேலே விழும். இரண்டு நாய்களும் ஒரே திசையில், நடுவில் மனிதர்கள், தொடக்கத்தில் 10 மீட்டர் இடைவெளி. எதிரெதிரே நேராக வரவிடாதீர்கள். மோந்து பார்க்க விடுகிற நாள் வந்தால் பக்கவாட்டிலிருந்து, மூன்று விநாடி, பிறகு கூப்பிட்டுக்கொண்டு நகருங்கள். லீஷ் (கையில் பிடிக்கும் வார்) தளர்வாகவே இருக்க வேண்டும். இழுத்துப் பிடித்தால் தப்ப முடியாது என்று தெரிந்து நாய் முந்திக்கொண்டு பாயும். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்பில் ஒய் வடிவம் வருகிற ஹார்னஸ், 2 முதல் 3 மீட்டர் துணி லீஷ். சுருளும் லீஷ் வேண்டாம்.

நம் ஊரில் தெருநாய்களை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. அவை தங்கள் எல்லையைக் காப்பவை, பயிற்சிக்குத் துணை ஆகாது. அவை படுத்திருக்கும் முனைகளை முன்பே தெரிந்துவைத்து வேறு சந்தில் போங்கள். துரத்தி வந்தால் ஒரு கைப்பிடி பிஸ்கட்டை அவற்றின் பக்கம் வீசிவிட்டு ஓடாமல் விலகுங்கள்.

ட்ரெய்னரிடம் பணம் கட்டும் முன் இதைக் கேளுங்கள்: என் நாய் தப்பு செய்தால் என்ன செய்வீர்கள்? பயந்தால் என்ன செய்வீர்கள்? ஒவ்வொரு வகுப்பிலும் நான் கூட இருக்கலாமா? "ஆல்ஃபா" (கூட்டத்தின் தலைவன்), "யார் பாஸ் என்று காட்டணும்" என்று பதில் ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். நாள் கணக்கில் உத்தரவாதம் தருபவர்களையும் தவிருங்கள். நாய்க்கு நாய் வேகம் மாறும்.

இப்படி ஒரு மையத்தில் ஏற்கெனவே நாயை விட்டுவிட்டீர்கள் என்றால் இன்றே போய்க் கூட்டிவாருங்கள். காயங்களைத் தேதியோடு போட்டோ எடுத்து, மருத்துவரிடம் எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் உரையாடல், அவர்கள் அனுப்பிய வீடியோ, பணம் கட்டிய ரசீது எதையும் அழிக்காதீர்கள். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. அடித்ததற்கோ சித்திரவதை செய்ததற்கோ சான்று இருந்தால், 1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவைக் குறிப்பிட்டுக் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுங்கள்.