ஹட்டன் இலவச மாலை வகுப்பு: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

ஹட்டன் நகரில் இளம் பட்டதாரிகள் சிலர், பதினோராம் தர முடிவில் நடக்கும் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவிருக்கும் மாணவர்களுக்குக் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் கட்டணமின்றிக் கற்பித்து வருகிறார்கள். எங்கள் மகள் பத்தாம் தரத்திலிருந்து அங்கே படிக்கிறாள். தேயிலைத் தோட்டங்களில் உள்ள பெற்றோர் பலர் விசாரிப்பதால் இதை எழுதுகிறேன்.

இவ்வகுப்பின் பெரும் சிறப்பு, பிள்ளை எந்த இடத்தில் பின்தங்கியதோ அந்த இடத்திலிருந்தே தொடங்குவதாகும். கணித ஆசிரியர் இல்லாமலே தவணைகள் கழிந்த தோட்டப் பாடசாலைகளிலிருந்து வருவோருக்கு, பின்னமும் சமன்பாடும் முதலில் சொல்லிக்கொடுக்கப்படுகின்றன. கடந்தகால வினாத்தாள்கள் அதன் பிறகுதான். அடுத்த கட்டமான உயர்தரம் கற்பதற்குத் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும், அவற்றுள் மூன்றில் திறமைச் சித்தியும் (C) பொதுவாக வேண்டும் என்பதால், கணிதம் ஒன்றில் தவறினாலே பிள்ளையின் வழி அடைபட்டுவிடுகிறது. பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு ஒதுக்கப்படும் 5 சதவீதத்தில் ஹட்டன் அமைந்துள்ள நுவரெலியா மாவட்டமும் அடங்கும். ஆனால், அந்தச் சலுகை உயர்தரம் வரை வந்து சேர்ந்தவர்களுக்கே உதவும். பதினோராம் தரத்தோடு நின்றுபோகும் தோட்டப் பிள்ளைக்கு அதனால் பயனில்லை. என் பார்வையில், இவ்வகுப்பின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது.

விஞ்ஞானப் பாடம் பரவாயில்லை. செய்முறைக்கு உபகரணங்கள் இல்லாததால் எல்லாம் கரும்பலகையிலேயே முடிகிறது.

பெரிய குறை நேரம். வகுப்பு முடிய இருட்டிவிடுகிறது. உள்தோட்டங்களுக்குப் பேருந்து அதற்கு முன்பே போய்விடுகிறது. 2024இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்த்தப்பட்ட பின்னரும், கொழுந்து குறைந்த நாளில் அரைப் பேர் (பாதி நாட்சம்பளம்) மட்டுமே கிடைக்கும் குடும்பத்தால் முச்சக்கர வண்டிக்கு எப்படிக் கொடுக்க முடியும்? ஆகவே, இந்த வகுப்பு யாருக்கு மிகவும் தேவையோ அவர்களே வர முடியாமல் போகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. சனிக்கிழமை காலையில் ஒரு வகுப்பையாவது நடத்துமாறு நடத்துநர்களை வேண்டிக்கொள்கிறேன்.

நகருக்கு அருகில் இருப்போர் தயங்காமல் சேர்க்கலாம். தூரத்துத் தோட்டத்தவர்கள், ஒரே டிவிஷன் (தோட்டப் பிரிவு) பிள்ளைகள் நான்கைந்து பேருக்குச் சேர்த்து வண்டி ஒழுங்குசெய்த பின் அனுப்புவது நல்லது. பத்தாம் தரத் தொடக்கத்திலேயே அனுப்புங்கள். பதினோராம் தரத்தில் சேர்வோருக்கு அடிப்படைப் பாடங்களை மீட்டுப் படிக்க நேரம் போதாது.